தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர்: வாங்குவது முதல் குறைப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஆஸ்துமா உள்ள வீட்டில் மருந்து டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பம்ப் கிடைக்கும். ஒன்று மூடி தொலைந்து, ஸ்டிக்கர் தேய்ந்து, கைப்பையிலும் சட்டைப்பையிலும் அலைந்து பழசான சால்பியூட்டமால். இன்னொன்று அட்டைப்பெட்டிகூடக் கசங்காத ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் முதுகில் உள்ள கவுன்டர் 112 என்று காட்டும். 120-ல் தொடங்கியது, எட்டு பஃப்தான் போயிருக்கிறது. வாங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும்.

நோயைக் கட்டுக்குள் வைப்பது அந்த இரண்டாவது பம்ப்தான். எவ்வளவு மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அந்த மருந்து தொண்டையோடு நின்றுவிடாமல் நுரையீரல்வரை போவது எடுத்துக்கொள்பவரின் கையிலும் வாயிலும் இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்தப் பாதியைப் பற்றியது.

இரண்டு பம்புக்கும் வேலை வேறு

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கிறது. வீசிங் வராத நாளிலும் அந்த வீக்கம் இருக்கும். தூசு, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று என ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும்.

சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடத்தில் மூச்சு லேசாகும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது பியூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன், சிக்லசோனைடு போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள்தான். பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கும் மருந்து இது, புதிதாக வந்த சோதனைச் சரக்கு அல்ல.

ஸ்டீராய்டு பம்பை அடித்த உடனே எதுவும் தெரியாது. "அடிச்சேன், ஒண்ணும் ஆகலை" என்று நான்காம் நாளே ஓரம் வைத்துவிடுவது இதனால்தான். இரவில் இருமி எழுவது குறைய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதேபோல நிறுத்தினாலும் உடனே தெரியாது. பத்து நாள், இருபது நாள் நன்றாகவே போகும். அதற்குள் வீக்கம் மெல்லத் திரும்பிவிடும். பிறகு ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி நெபுலைசர் வைக்க வேண்டி வரும்.

ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழுவான ஜினா, 2019-ல் ஒரு பெரிய மாற்றத்தைச் சொன்னது: வயது வந்தவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவுக்கு வைத்தியம் செய்யக் கூடாது, லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் ஏதோ ஒரு வழியில் ஸ்டீராய்டு சேர வேண்டும். ஒரு வருடத்தில் மூன்று சால்பியூட்டமால் குப்பிக்கு மேல் காலியானால் கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே அந்த பம்ப் கிடைத்துவிடுவதால், எத்தனை வாங்கினோம் என்ற கணக்கு பல வீடுகளில் இல்லை. இன்றே உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

"ஸ்டீராய்டா? வேண்டாம்ப்பா" என்பவர்களுக்கு ஒரு கணக்கு

பயம் நியாயமான இடத்திலிருந்துதான் வருகிறது. மாத்திரையாகவோ ஊசியாகவோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்து முகம் வீங்கியவரை, சர்க்கரை ஏறியவரை, எலும்பு தேய்ந்தவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அளவைப் பாருங்கள். கடும் தாக்குதல் வந்தால் பெரியவர்களுக்கு பிரெட்னிசலோன் மாத்திரை தினம் 40 மி.கி. வீதம் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். மொத்தம் 200 மி.கி. பியூடசோனைடு 200 மைக்ரோகிராம் பம்பில் காலை ஒன்று, இரவு ஒன்று எடுத்தால் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மி.கி. அந்த 200 மி.கி.யை எட்ட 500 நாள் ஆகும். இரண்டு மருந்துக்கும் வீரியம் ஒன்றல்ல, எடையை மட்டும் வைத்துச் சமன் போட முடியாது என்பது உண்மை. ஆனால் பியூடசோனைடில் வயிற்றுக்குள் போகும் பங்கில் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. மாத்திரையோ வீரியம் குறையாமல் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. தினசரி பம்பைத் தவிர்த்து, வருடத்துக்கு மூன்று முறை மாத்திரைக்குப் போகிறவர்தான் அதிக ஸ்டீராய்டு வாங்கிக்கொள்கிறார்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லவில்லை. குறைந்த அளவில் வருபவை பெரும்பாலும் வாய், தொண்டை சார்ந்தவை: குரல் கம்முவது, தொண்டை எரிச்சல், நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியது போன்ற வெள்ளைப் பூஞ்சை. அதிக அளவில் வருடக்கணக்காக எடுத்தால் எலும்பு அடர்த்தி குறைவது, கண்புரை, தோல் எளிதில் கன்றிப்போவது, அட்ரினல் சுரப்பி மந்தமாவது ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். குழந்தைகளின் உயரம் பற்றிப் பெற்றோர் கேட்பது சரியான கேள்வி. பியூடசோனைடு எடுத்த குழந்தைகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பெரியவர்களானபோது சராசரியாக ஒரு சென்டிமீட்டர் சொச்சம் உயரம் குறைந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவும் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கும், தூக்கத்தையும் படிப்பையும் விளையாட்டையும் சேர்த்தே கெடுக்கும். அதனால்தான் கட்டுக்குள் வைக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பம்ப் பழகிடும்" என்பது பொய். இந்த மருந்துக்கு அடிமையாக்கும் தன்மை கிடையாது. நிறுத்தினால் இளைப்பு திரும்புவது நோய் இன்னும் இருப்பதால். பம்ப் கடைசி மருந்து என்பதும் தலைகீழ்ப் பேச்சு. முதலில் தர வேண்டியதே இதுதான்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

பம்பின் நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். "நீலக் கலர் பம்ப் குடுங்க" என்று கடையில் கேட்டு வேறொன்றை வாங்கி வந்தவர்கள் உண்டு. பெட்டியில் பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள்.

பெரியவர்களுக்கு பியூடசோனைடு நாளொன்றுக்கு மொத்தம் 200–400 மைக்ரோகிராம் என்றால் குறைந்த அளவு, 400-க்கு மேல் 800 வரை நடுத்தரம், 800-ஐத் தாண்டினால் அதிகம். ஃப்ளூட்டிகசோன் ப்ரோபியோனேட் என்றால் 100–250 குறைவு, 500 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆகவே ஒன்றின் 200-ம் மற்றொன்றின் 200-ம் சமம் அல்ல. கடைக்காரர் "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்" என்று வேறு மருந்தை நீட்டினால், டாக்டருக்கு ஒரு போன் போடாமல் வாங்காதீர்கள். 6 முதல் 11 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அளவு ஏறக்குறைய இதில் பாதி.

பல சீட்டுகளில் கூட்டு மருந்து இருக்கும். ஸ்டீராய்டோடு, மூச்சுக்குழாயை 12 மணி நேரம் விரிவாக வைத்திருக்கும் ஃபார்மோட்டெரால் அல்லது சால்மெட்டெரால் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முக்கியம். ஃபார்மோட்டெரால் சில நிமிடத்திலேயே வேலை செய்யும். அதனால் பியூடசோனைடு–ஃபார்மோட்டெரால் பம்ப் ஒன்றையே தினமும் எடுத்து, இடையில் இளைப்பு வந்தாலும் அதையே கூடுதலாக எடுக்கும் முறை உண்டு. 200/6 அளவுள்ள (ஒரு பஃபில் பியூடசோனைடு 200, ஃபார்மோட்டெரால் 6 மைக்ரோகிராம்) பம்பில் பெரியவர்களுக்குத் தினசரிப் பங்கும் கூடுதலும் சேர்த்து ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 12 பஃப். அந்த அளவை நெருங்குகிற நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். சால்மெட்டெரால் மெதுவாக ஏறுவது. சால்மெட்டெரால்–ஃப்ளூட்டிகசோனை அவசரத்துக்கு எடுக்கவே கூடாது. உங்களுடையது எந்த முறை என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டின் பின்புறம் தமிழில் எழுதி வாங்குங்கள். நெரிசலான ஓ.பி.யில்கூட இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பம்பை எடுக்கும் முறை

அழுத்தினால் புகை மாதிரி வரும் வகை இது. ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் எடுத்தால், சரியாக எடுத்தாலும் பத்திலிருந்து இருபது சதவீதம் மருந்துதான் நுரையீரலை எட்டும். மீதி தொண்டையில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஆகவே தினசரி ஸ்டீராய்டு பம்புக்கு எந்த வயதானாலும் ஸ்பேசர் வாங்கிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய்தான், பல மாதம் உழைக்கும்.

1. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பையில் கிடந்த பம்புக்குள் சில்லறைக் காசு, பட்டன் எல்லாம் புகுந்திருக்கும். மூச்சு இழுக்கும்போது அது நேராக உள்ளே போகும்.
2. ஐந்தாறு முறை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கி, வெறும் வாயு வரும். புதுப் பம்ப் என்றாலோ பல நாள் தொடாமல் வைத்தது என்றாலோ உள்ளிருக்கும் தாளில் சொன்ன எண்ணிக்கையில் காற்றில் அடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.
3. பம்பை ஸ்பேசரின் பின்பக்கத்தில் செருகுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். படுத்துக்கொண்டு எடுக்காதீர்கள்.
4. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். கடைசிவரை பிழிந்து தள்ள வேண்டாம்.
5. ஸ்பேசரின் வாயைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக மூடுங்கள். நாக்கு அடியில் இருக்கட்டும்.
6. ஒரு முறை மட்டும் அழுத்தி, உடனே மெதுவாக, ஆழமாக, நான்கைந்து வினாடி நீளத்துக்கு இழுங்கள். சில ஸ்பேசர்களில் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும். அது "மெதுவாக" என்பதற்கான எச்சரிக்கை.
7. பத்து வரை எண்ணி மூச்சைப் பிடித்து வையுங்கள். பத்து முடியவில்லை என்றால் முடிந்தவரை. மூச்சைப் பிடிக்கவே முடியாதவர்கள் ஸ்பேசரிலேயே ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும்.
8. இரண்டாவது பஃப் இருந்தால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து.

இரண்டு பஃபையும் ஒன்றாக ஸ்பேசருக்குள் அடித்து ஒரே மூச்சில் இழுப்பது மிகப் பரவலான தவறு. துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும்.

ஸ்பேசர் இல்லாமல் எடுக்க நேர்ந்தால் மூச்சு இழுக்கத் தொடங்குவதும் அழுத்துவதும் ஒன்றாக நடக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உதட்டு ஓரத்திலோ மூக்கிலோ மேல்நோக்கி வெள்ளைப் புகை கசிந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்து உங்கள் முகத்துக்கு எதிரே மிதந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இழுப்பதற்கு முன்பே அழுத்திவிட்டீர்கள், அல்லது உதடு மூடவில்லை, அல்லது வாயால் இழுக்காமல் மூக்கால் இழுத்தீர்கள்.

ஸ்பேசரை வாரம் ஒரு முறை, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகளைச் சுவர் இழுத்துக்கொள்ளும். உலோகக் குப்பியைத் தண்ணீரில் போடாதீர்கள். கவுன்டர் உள்ள சில மாடல்களில் குப்பியைக் கழற்றவே கூடாது. அவற்றில் வாய்ப்பகுதியை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கேப்ஸ்யூல் வகை: ரோட்டாஹேலர், ரெவொலைசர்

கேப்ஸ்யூலில் உள்ள தூள் மருந்தை வாயால் இழுக்கும் கருவிகள் இவை. இங்கே எல்லாமே நேர் எதிர். பம்பில் மெதுவாக இழுக்க வேண்டும், இதில் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். தூளைக் கிளப்பி உள்ளே கொண்டுபோவது உங்கள் மூச்சின் வேகம் மட்டுமே. இரண்டு வகையையும் மாற்றி மாற்றி எடுப்பவர்கள் குழம்பிப்போவது இங்கேதான். முடிந்தால் ஒரே வகையில் இருங்கள்.

ரோட்டாஹேலரில், கேப்ஸ்யூலின் நிறமில்லாத முனை உள்ளே போகும்படி, மேடான துளையில் முழுக்க இறங்கும்வரை செருகுங்கள். அடிப்பாகத்தை ஒரே பக்கமாக முழுக்கத் திருப்பினால் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரிந்து தூள் உள்ளே கொட்டும். ரெவொலைசரில் கேப்ஸ்யூலை அறைக்குள் போட்டு 'கிளிக்' என்று மூடினால் ஊசி துளையிட்டுவிடும். பிறகு இரண்டிலும் ஒன்றுதான்: தலையைத் திருப்பி மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து, வேகமாக ஆழமாக இழுத்து, பத்து வினாடி பிடித்து வைக்க வேண்டும். கருவிக்குள் ஒருபோதும் ஊதாதீர்கள். உங்கள் மூச்சின் ஈரத்தில் தூள் கட்டியாகிவிடும். திறந்து பாருங்கள், தூள் மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுங்கள்.

சென்னைக் காற்றின் ஈரப்பதம் இந்த வகைக்குப் பெரிய எதிரி. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு எப்படிக் கசிகிறதோ, திறந்து வைத்த கேப்ஸ்யூல் தூளும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கான கேப்ஸ்யூலைப் பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டு வைப்பது, ஈரக் கையால் எடுப்பது, பாத்ரூம் அலமாரியில் வைப்பது, மூன்றும் வேண்டாம். கம்பெனி பாட்டிலிலேயே இறுக மூடி வைத்து, எடுக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். கருவியைக் கழுவினால் முழுக்க உலர்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை போலத் தோன்றுவதால் இந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாகத் தனியாக மருந்து எடுக்கும் வயதானவர்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், முதல் வாரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். மூட்டுவலியால் விரலில் பலம் இல்லாதவருக்கும், வேகமாக இழுக்க முடியாதவருக்கும் இது ஒத்துவராது. பம்பும் ஸ்பேசரும்தான் சரி.

வாய் கொப்பளிப்பது

பம்ப் எடுத்ததும் தண்ணீர் குடிப்பது போதாது. வாயில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, தொண்டைவரை கொப்பளித்து, துப்ப வேண்டும். இரண்டு மூன்று முறை. இதைத் தனி வேலையாக வைத்தால் மறந்துபோகும். காலையும் இரவும் பல் துலக்குவதற்குச் சரியாக முன்னால் பம்பை எடுங்கள். அப்போது கொப்பளிப்பது தானாக நடந்துவிடும், மருந்தும் மறக்காது. பம்பைப் பிரஷ் ஸ்டாண்டில் வைக்காமல், பாத்ரூமுக்கு வெளியே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பூஞ்சை வந்தால் பம்பை நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். கிளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் போன்றவை போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தீர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

குலுக்கிப் பார்த்தோ, தண்ணீரில் மிதக்கவிட்டோ தெரியாது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு பல முறை வந்துகொண்டிருக்கும். கவுன்டர் இல்லாத பம்ப் என்றால் கணக்குப் போடுங்கள்: 120 பஃப் உள்ள பம்பில் காலை 2, இரவு 2 என்றால் 30 நாள். திறந்த அன்றே தீரும் தேதியை மார்க்கரால் பம்பின் பிளாஸ்டிக்கில் எழுதிவிடுங்கள். கவுன்டர் உள்ள பம்பிலும் இதைச் செய்யுங்கள்: அந்தத் தேதியிலும் கவுன்டர் நிறைய மிச்சம் காட்டினால், எத்தனை வேளை தவறியது என்பதும் தெரிந்துவிடும்.

சென்னையில் இருந்துகொண்டு

அக்னி நட்சத்திர நாட்களில் ஸ்கூட்டர் டிக்கியிலும், வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டிலும் பம்பை வைக்காதீர்கள். இது அழுத்தத்தில் அடைத்த குப்பி. சூட்டில் வெடிக்கக்கூடும், வெடிக்காவிட்டாலும் அளவு தப்பும். பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் நிழலான, அடுப்பை விட்டு விலகிய அலமாரி போதும்.

வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தீபாவளிப் புகை, சளிக்காய்ச்சல், ஈரச்சுவர் மூன்றும் சேர்ந்து வரும் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளில் சுவர் முழுக்கப் பூஞ்சை பூத்த மாதிரி, ஒவ்வொரு மழைக்கும் சிறிய அளவில் நடக்கும். அடுத்து ஜனவரியில் போகி. 2018 போகி அன்று காலை புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைபட்டன என்றால், வீங்கிய மூச்சுக்குழாய்க்கு என்ன ஆகும்? 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தபோதும் சுற்றுவட்டாரத்தில் மூச்சு விடவே சிரமம்.

இவற்றை எதிர்கொள்ள, அன்று காலை சால்பியூட்டமாலைப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் போதாது. செப்டம்பர் மாதத்திலிருந்தே ஸ்டீராய்டு பம்ப் ஒரு வேளையும் தவறாமல் போயிருக்க வேண்டும். புகை வரும் நாளில் மூச்சுக்குழாய் ஏற்கெனவே அடங்கியிருந்தால், அதே புகை அவ்வளவு பாதிக்காது. மழைக்கு முன் ஒரு முறை டாக்டரைப் பார்த்து அளவு போதுமா என்று கேட்டுவிடுங்கள். போகி அன்று அதிகாலை ஜன்னலைச் சாத்துங்கள், நடைப்பயிற்சியை ஒரு நாள் விடுங்கள். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்திப் புகையும் புகைதான்.

எடுத்தும் குறையவில்லை என்றால்

கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் இளைப்பு வந்ததா? இருமலோ மூச்சுத்திணறலோ இரவில் ஒரு முறையாவது எழுப்பியதா? வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் சால்பியூட்டமால் தேவைப்பட்டதா? மாடிப்படி, விளையாட்டு, வீட்டு வேலை எதையாவது குறைத்துக்கொண்டீர்களா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் கட்டுப்பாடு முழுமை இல்லை. மூன்று நான்கு என்றால் கட்டுப்படவே இல்லை.

அளவைக் கூட்டுவது இதற்குக் கடைசி விடை. முதலில் பார்க்க வேண்டியது எடுக்கும் முறை, பிறகு எத்தனை வேளை தவறியது என்பது. பெரும்பாலான விடைகள் இந்த இரண்டிலேயே கிடைத்துவிடும். அடுத்து மூக்கடைப்பு, அலர்ஜி சளி, நெஞ்செரிச்சல். புகைபிடிப்பவருக்கு இந்த மருந்து சரியாகக் கேட்காது. வலி மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கோ நடுக்கத்துக்கோ தரும் ப்ரோப்ரனலால் வகை மாத்திரைகளும், கண் அழுத்தத்துக்கு விடும் டைமலால் சொட்டு மருந்தும் சிலருக்கு வீசிங்கைக் கிளப்பும். கண்ணில் விடும் மருந்தை நெஞ்சு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, சொல்லுங்கள். பூஞ்சைக்கான இட்ரகோனசோல், எச்.ஐ.வி. சிகிச்சையில் உள்ள ரிட்டோனவிர் ஆகியவை உடம்பில் ஸ்டீராய்டு தங்கும் அளவைக் கூட்டும், அதையும் சொல்ல வேண்டும்.

ஆடாதோடைக் கஷாயமும் தூதுவளை ரசமும் குடிப்பவர்கள் குடியுங்கள், ஆனால் அதை நம்பிப் பம்பை நிறுத்தாதீர்கள். பெயர், கலவை எதுவும் எழுதாமல் பொட்டலத்தில் தரும் "இளைப்புப் பொடி" மட்டும் வேண்டவே வேண்டாம். மூன்றே நாளில் அதிசயமாகக் கேட்டால், அதில் மாத்திரை ஸ்டீராய்டை அரைத்துப் போட்டிருக்கலாம்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்

நான்கு வயதுக்குள் பம்ப், ஸ்பேசர், முகத்தில் பொருந்தும் மாஸ்க். மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மருந்து போகாது. அழும் குழந்தைக்குள்ளும் போகாது, கொஞ்சம் சமாதானப்படுத்திவிட்டு வையுங்கள். ஐந்தாறு மூச்சு போதும். முடிந்ததும் வாயோடு முகத்தையும் துடைத்துவிடுங்கள். நான்கைந்து வயதானால் மாஸ்க்கை விட்டு வாயில் வைக்கப் பழக்கலாம். தினசரி மருந்துக்கு வீட்டில் நெபுலைசர் வாங்கத் தேவையில்லை, ஸ்பேசர் அதே வேலையைச் செய்யும்.

கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் முதலில் நிறுத்தச் சொல்வது பம்பைத்தான். அது ஆபத்து. தாய்க்கு மூச்சு திணறினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். கர்ப்ப காலத்தில் அதிக அனுபவம் உள்ள உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பியூடசோனைடு. பம்பைத் தொடர்ந்துகொண்டே மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள்.

தாக்குதல் வந்தால்

ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, கழுத்தும் விலா இடுக்கும் உள்வாங்குகிறது, உதடு நீலமாகிறது, அசதியாகத் தூங்கி விழுகிறார்: இதில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியாக சால்பியூட்டமால் நான்கு பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. குறையாவிட்டால் சில நிமிடம் கழித்து மறுபடி. நெஞ்சில் சத்தம் அடங்கிவிட்டது, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால் நிம்மதி அடையாதீர்கள். காற்றே போகாததாலும் சத்தம் நிற்கும்.

குறைப்பதும் தொடர்வதும்

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக மருத்துவமனை, குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவை இதற்கான சிகிச்சை உள்ள இடங்கள். வெளியே வாங்குவதாக இருந்தால் மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் அவுஷதி கடையில் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி விலை கேட்டுப் பாருங்கள்.

மூன்று மாதம் முழுக்க அடங்கியிருந்தால் டாக்டர் அளவைக் கால் பங்கிலிருந்து பாதிவரை குறைத்துப் பார்ப்பார். மறுபடி மூன்று மாதம், மறுபடி பார்ப்பார். மழைக்காலத்தின் நடுவிலோ, ஊர்ப் பயணத்துக்கு முன்போ, பிள்ளையின் பரீட்சை நேரத்திலோ குறைக்கத் தொடங்க வேண்டாம். சென்னையில் பிப்ரவரி, மார்ச் பலருக்கு வசதியான நேரம். வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் அளவு குறைத்த முதல் சில வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதிவையுங்கள். உங்கள் சிறந்த அளவு 400 என்றால், 320-க்குக் கீழே இறங்கும் நாள் எச்சரிக்கை, 200-க்குக் கீழே அவசரம்.

டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பம்ப், ஸ்பேசர், கேப்ஸ்யூல் கருவி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய், "நான் எடுக்கிறேன், பாருங்க" என்று அவர் முன்னாலேயே ஒரு பஃப் எடுத்துக் காட்டுங்கள்.